கரண்ட் போயிருக்கும் என்று சொன்னேன்

1

இந்த நாட்டில் எங்கள் பண்டிகைகள் எல்லாம் சனி, ஞாயிறில்தான் வரும். ஊரில் செவ்வாயில் விழுந்த தீபாவளியை இங்கே ஐந்து நாள் தள்ளி வைத்துக் கொண்டாடுவோம். கார்த்திகை விளக்கைச் சனிக்கிழமை மாலைக்கு இழுத்து வருவோம். அங்கே நிலவு முழுதாக நின்ற நேரத்தில் நாங்கள் அலுவலகத்தில் இருந்திருப்போம். இங்கே அகல் ஏற்றும்போது அது ஒரு பக்கம் தேய்ந்திருக்கும். யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. பார்த்தாலும் மேகம்.

தெற்கு ஜெர்மனியில், ஆற்றோரத்து ஊர் ஒன்றில் இருக்கிறேன். தொண்ணூறுகளின் நடுவில் வந்தேன். இன்னும் இவர்கள் மொழியில் மணி பார்க்கத் தெரியவில்லை. 'பாதி மூன்று' என்று சொன்னால் இங்கே இரண்டரை என்று பொருள். போன மாதம் குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிக்கக் கூப்பிட்டிருந்தார்கள். பாதி மூன்றை நான் மூன்றரை என்று வைத்துக்கொண்டு, காகிதக் கட்டைக் கக்கத்தில் இடுக்கியபடி போய் நின்றேன். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த பெண் பேனாவின் முனையால் சுவர்க் கடிகாரத்தைக் காட்டினாள். பிறகு, பிறந்த ஊர் என்ற இடத்தில் உசிலம்பட்டி கட்டத்துக்கு வெளியே வழிந்திருக்கிறது, அடுத்த முறை சின்ன எழுத்தில் எழுதி வாருங்கள் என்றாள்.

பேருந்து நிறுத்தத்தில் நின்றபோது எனக்கே சிரிப்பு வந்தது. கண்டம் விட்டுக் கண்டம் கிடக்கும் கணினிகளை ஒரே நொடியில் எழுப்பிவிடுவது என் பிழைப்பு. நான் ஒரு மணி நேரம் பிந்திப் போயிருக்கிறேன்.

பிழைப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பல ஊர்களில் இருக்கிற நூற்றுக்கணக்கான கணினிகளைக் கம்பியால் இணைத்து ஒரே பெரிய கணினிபோல வேலை வாங்குகிறார்கள். அதில் நாலைந்து திடீரென்று செத்துப்போனால் மற்றவை என்ன செய்யும்? திண்டாடுமா, செத்ததன் வேலையைப் பங்கிட்டுக்கொள்ளுமா? இதைச் சோதித்துப் பார்ப்பது எங்கள் ஆய்வகத்தின் வேலை. ஒரு தடவை வந்த விடை மறு தடவையும் வர வேண்டும். வேறொருவன் வேறோர் ஊரில் செய்தாலும் அதே விடை வர வேண்டும். இல்லையென்றால் அது ஆய்வு இல்லை, கதை. கை பட்டால் விடை மாறும் என்பதால் கையையே விலக்கிவிட வேண்டும். அந்த விலக்கும் நிரலை நான் எழுதுகிறேன். அது எல்லா எந்திரத்தையும் துடைத்து ஒன்றுபோல ஆக்கும், கடிகாரங்களைச் சரிசெய்யும், சோதனையைத் தொடங்கும், சொன்ன நேரத்தில் சொன்ன எந்திரத்தைக் கொல்லும், நடந்ததையெல்லாம் எழுதி வைக்கும், முடிந்ததும் கடையைக் கட்டும். நான் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பேன்.

2

எங்கள் எந்திரங்கள் எல்லாம் பக்கத்துப் பக்கத்து ஊர்களில் இருந்தன. தொலைவில் ஓர் இடம் வேண்டும் என்றார் ஆய்வகத்தை நடத்தும் பேராசிரியை. செய்தி போய்ச் சேரத் தாமதமாகிற, நீளக் கம்பியின் அந்தப் பக்கம். ஜப்பான் கிடைத்தது. இன்னும் ஒன்று? நான் மதுரை என்றேன். சொன்ன வேகத்தில் காது சூடானது. ஏதோ என் வீட்டுப் பெண்ணைப் பற்றிப் பேச்செடுத்ததுபோல.

மதுரை என்றால் துளசிராம். கல்லூரியில் நாலு வருஷம் என் பக்கத்து பெஞ்சு. சௌராஷ்டிர வீட்டுப் பையன். அவன் வீட்டுக்குள் நுழைந்தால் எல்லோரும் அவர்கள் பாஷையில் பேசிக்கொண்டிருப்பார்கள். என்னைக் கண்டதும் மொத்த வீடும் தமிழுக்கு மாறிக்கொள்ளும், விருந்தாளிக்குப் பாய் விரிப்பதுபோல. நான் மேற்கே கரிசக்காட்டு விவசாய வீட்டுப் பிள்ளை. டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருவேன். அந்தக் காலத்தில் கல்லூரியில் கணினி அறை மட்டும்தான் குளிர்ந்திருக்கும். செருப்பை வெளியே விட்டு, கால் துடைத்து, கோயிலுக்குள் போவதுபோலப் போவோம். சித்திரை வெயிலில் அந்தக் குளிருக்காகவே நாங்கள் நிரல் எழுதக் கற்றுக்கொண்டோம் என்றால் பொய்யில்லை.

நான் இங்கே வந்தேன். அவன் அங்கேயே இருந்தான். சமயநல்லூர் தாண்டி, ரோட்டோரத்தில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்துகிறான். நான் போன் போட்டு விஷயத்தைச் சொன்னபோது, "நெசமாத்தான் சொல்றியா மாப்ள? நம்ம லேபா?" என்றான்.

அவனுக்கு இது வெறும் லேப் விஷயம் இல்லை. பல வருஷமாக முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்ய விடுப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறான். கல்லூரியின் தாளாளர், மாணவர் சேர்க்கைக்கு உதவாத படிப்பு எதற்கு என்று தட்டிக்கழித்து வந்தார். வெளிநாட்டோடு கூட்டு ஆய்வு, அதில் கல்லூரியின் பெயர் என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. ஆறு மாதம் இந்தக் கூட்டில் நிலைத்தால் விடுப்பு உண்டு என்று வாக்குக் கொடுத்தார். துளசிராம் அதோடு விடவில்லை. வெளிநாட்டுக்காரன் முதலில் கேட்பது மின்சாரம்தான் என்று சொல்லிச் சொல்லி, லேபுக்கென்று தனி ஜெனரேட்டரும் ஓர் அறை நிறைய பேட்டரியும் வாங்க வைத்தான். ஜெனரேட்டர் லாரியிலிருந்து இறங்குவதைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினான். பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு, மாப்பிள்ளை வீட்டார்போல நிற்கிறான்.

சேர்ந்த நாளிலிருந்து மதுரை எந்திரங்கள் ஒரு முறைகூட அணையவில்லை. இங்குள்ள எந்திரங்கள் அணைந்திருக்கின்றன.

3

அக்டோபரில் பெரிய சோதனை. ஐந்து நாள் இடைவிடாமல் ஓட வேண்டியது. தேதியை நான்தான் குறித்தேன்.

மூன்றாம் நாள் மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன். திரையில் மதுரைக்கான கட்டங்கள் பச்சையாக இருந்தவை எல்லாம் சிவந்து கிடந்தன. முப்பதுக்கு மேல் எந்திரங்கள், ஒன்றுகூட மூச்சு விடவில்லை. என் நிரல் அதற்குள் தன் வேலையைச் செய்துவிட்டிருந்தது. சோதனை கெட்டது, காரணம் மதுரை என்று எல்லோருக்கும் மின்னஞ்சல் போயிருந்தது. மூன்று மணிக்குக் கூட்டம். பேராசிரியை காரணம் கேட்பார்.

லேபுக்கு அடித்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. துளசிராம் வீட்டுக்கு அடித்தேன். அவனே எடுத்தான். வாயில் எதையோ மென்றுகொண்டிருந்தான்.

"என்ன மாப்ள, பொரிகடலை தின்னியா?"

அந்த ஒரு வார்த்தையில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மறுநாள் ஆயுத பூசை. அதற்கு முந்தின வேலைநாளில் லேபில் பூசை போடுவார்கள். ஒவ்வொரு எந்திரமாக முறையாக அணைத்து, துடைத்து, சந்தனப் பொட்டு வைத்து, குங்குமம் இட்டு, தேங்காய் உடைத்து, அறையைப் பூட்டிவிடுவார்கள். பூசையில் வைத்த கருவியை எடுத்துப் புழங்கக் கூடாது. விஜயதசமி அன்று மறுபூசை ஆன பிறகுதான் தொடுவார்கள். சின்ன வயதில் இந்த ஒரு நாளுக்காகக் கணக்குப் புத்தகத்தை முதல் ஆளாகப் பூசையில் கொண்டுபோய் வைத்தவன் நான்.

சோதனை ஓடிக்கொண்டிருந்ததே என்றேன். அவன் மெல்லுவதை நிறுத்தினான். உன் நிரல் முந்தின நாளே முடிந்திருக்கும் என்று நினைத்தேன் என்றான். முடியும் நாளை என் நிரல் யாருக்கும் சொல்வதில்லை. அதுவே தொடங்கும், அதுவே முடிக்கும். முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

"உனக்குப் போயி நான் சொல்லணுமா மாப்ள? ஜப்பான்காரனுக்குச் சொல்லலாம். நீ தேதி வச்சா நாள் பாத்துத்தான வச்சிருப்ப."

அவன் சொன்னதில் கேலி இல்லை. நம்பிக்கைதான் இருந்தது. எனக்கு அந்த வருஷ ஆயுத பூசை ஞாயிற்றுக்கிழமை. மனைவி அப்படித்தான் சொல்லியிருந்தாள்.

4

கூட்டத்தில் பேராசிரியை கேட்டார். என்ன ஆயிற்று மதுரைக்கு?

வாயைத் திறந்தேன். மேசையைச் சுற்றி ஆறேழு முகங்கள், பழுப்பு நிறக் காப்பி, ஜன்னலுக்கு வெளியே கழுவித் துடைத்த வானம். அந்த அறையில் நின்று, கணினிக்குச் சந்தனம் வைத்தார்கள் என்று சொல்ல வேண்டும். வாழைக்கன்று கட்டிய லேபை, பேட்டரி மேல் வைத்த எலுமிச்சம்பழத்தை, விசைப்பலகையின் இடுக்கில் சிக்கிய பொரியை நான் இந்த மேசையின் நடுவில் எடுத்து வைக்க வேண்டும். அவர்கள் சிரிக்க மாட்டார்கள். அது இன்னும் மோசம். 'சுவாரசியமாக இருக்கிறது' என்பார்கள்.

"மின்சாரம் போயிருக்கும்" என்றேன்.

நாக்கு தானாகச் சொன்னது என்று எழுதலாம். தானாகச் சொல்லவில்லை. எது அவர்களுக்குப் பழகிய குறையோ அதை எடுத்துக் கொடுத்தேன். இந்தியா, மின்வெட்டு. எல்லோரும் தலையாட்டினார்கள். பாவம் என்பதுபோல. கூட்டக் குறிப்பில் 'மதுரை: மின்வசதி நம்பத்தக்கதல்ல' என்று ஏறியது. குறிப்பு வழக்கம்போல எல்லாக் கூட்டாளிகளுக்கும் போனது. துளசிராமுக்கும் போனது.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் ஆயுத பூசை. மனைவி மகளின் சைக்கிளுக்குப் பொட்டு வைத்தாள். மகளுக்குப் பதினொரு வயது. தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் சொல்கிற வயது. நல்ல பிள்ளை, பொட்டு வைக்கும் வரை ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு பொறுமையாக நின்றாள். சுண்டலும் தின்றாள். திங்கட்கிழமை காலை மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். தெருமுனையில், தோழி வருவதற்கு முன்னால், கோட்டின் கைப்பகுதியால் சைக்கிளின் சந்தனத்தைத் துடைத்துவிட்டாள். அவசரமில்லாமல், மூக்கைத் துடைக்கிற மாதிரி. பிறகு கையைப் பார்த்தாள், அதையும் சுவரில் தேய்த்தாள். இறங்கிப் போய் ஏதாவது சொல்லலாமா என்று படி வரை வந்தேன். என்ன சொல்வேன்?

5

பொய்க்கு ஆயுசு ஒரு வாரம்.

எங்கள் ஆய்வகத்தில் மாரெக் என்று ஒரு போலந்துக்காரன். கெட்டுப்போன சோதனைகளைப் பிரித்துப் பார்ப்பது அவனுக்குப் பிடித்த வேலை. என் நிரல் எழுதி வைத்த பதிவுகளை எடுத்துப் படித்திருக்கிறான். அடுத்த கூட்டத்தில் திரையில் போட்டுக் காட்டினான்.

மின்சாரம் போனால் எல்லா எந்திரமும் ஒரே கணத்தில் சாகும். இங்கே அப்படி இல்லை. முதல் வரிசையில் முதல் எந்திரம் முறைப்படி விடைபெற்று அணைகிறது. சற்று நேரம் கழித்து அடுத்தது. பிறகு அதற்கடுத்தது. வரிசை முடிந்ததும் கொஞ்சம் இடைவெளி, அடுத்த வரிசை. கடைசி எந்திரம் வரை இதே நிதானம். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அதில் எண்கள் தெரியவில்லை. கிண்ணத்தில் சந்தனம் குழைத்துக்கொண்டு மாணவிகள் ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்கு நகர்வது தெரிந்தது. வரிசைகளுக்கு நடுவே வந்த இடைவெளியில் யாரோ கிண்ணத்தில் தண்ணீர் விட்டிருப்பார்கள்.

யாரோ வேண்டுமென்றே அணைத்திருக்கிறார்கள், அணைத்துவிட்டு மின்சாரம் போயிற்று என்று நம்மிடம் சொல்லியிருக்கிறார்கள் என்றான் மாரெக். குரலில் கோபம் இல்லை. எந்திரம் கெடலாம், அதை வைத்து வேலை செய்யலாம்; ஆனால் பொய் சொல்கிற இடத்திலிருந்து வரும் எண்களை எப்படி நம்புவது? பேராசிரியை கண்ணாடியைக் கழற்றினார். மதுரையை விட்டுவிடலாம் என்று நினைக்கிறேன், பிரேசிலில் ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்றார். கையில் பேனா.

அவர்கள் யாரும் என்னைப் பார்க்கவில்லை. சொன்னது நான் என்பதுகூட யாருக்கும் நினைவில்லை. மதுரை சொன்னது என்றே அவர்கள் மனத்தில் பதிந்திருந்தது. நான் சும்மா இருந்தால் போதும். துளசிராம் பொய்யனாகிவிடுவான், எனக்கு ஒரு கீறலும் விழாது.

எழுந்தேன். நான் எழுந்து நிற்கத் தேவையில்லை, இங்கே யாரும் எழுந்து பேசுவதில்லை. பழைய வகுப்பறைப் பழக்கம். மின்சாரம் போகவில்லை, அதை அவன் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன் என்றேன். பிறகு பூசையைச் சொன்னேன். எங்கள் ஊரில் வருஷத்துக்கு ஒரு நாள் கருவிகளுக்கு ஓய்வு கொடுத்து வணங்குவார்கள், உழுகிறவன் கலப்பைக்கு, ஓட்டுகிறவன் வண்டிக்கு, துளசிராம் கணினிக்கு. என் ஆங்கிலம் தடுக்கியது. வியர்த்தது. சந்தனம் என்ற இடத்தில் நெற்றியில் விரலை வைத்துக் காட்டினேன்.

பேராசிரியை கேட்டது ஒன்றுதான். எந்தத் தேதி?

வருஷத்துக்கு வருஷம் மாறும் என்றேன். அப்படியானால் ஒவ்வொரு வருஷமும் சொல்லிவிடுங்கள் என்று பேனாவை மூடினார். மதுரை இருக்கட்டும். அவ்வளவுதான். சிரிப்பும் இல்லை, சுவாரசியமும் இல்லை. நான் பயந்த எதுவும் அந்த அறையில் இல்லை. பயம் மட்டும் என்னோடு வந்திருந்தது.

வெளியே வரும்போது மாரெக் தோளைத் தொட்டான். நிரலில் விடுமுறை நாட்களுக்கு ஓர் இடம் இருக்கிறதே, கிறிஸ்துமஸும் ஈஸ்டரும் ஜப்பான்காரர்களின் புத்தாண்டும் அதில் இருக்கின்றனவே, அதை எழுதியது யார் என்று கேட்டான். அவனுக்கு உண்மையிலேயே தெரியாது.

நான்தான் எழுதினேன். ஜப்பான்காரர்களிடம் கேட்டுக் கேட்டு எழுதினேன், முன்னோர்களுக்கு விளக்கு மிதக்கவிடும் அவர்கள் நாள் முதற்கொண்டு. மதுரைக்கான வரி வெறுமையாக இருந்தது. யாரிடம் கேட்பது, எனக்குத் தெரியாததா என்று விட்டிருப்பேன். அல்லது, எங்களுக்கென்று இதெல்லாம் எதற்கு, எங்கள் எந்திரம் என்றைக்கும் ஓடும் என்று காட்டிக்கொள்ள நினைத்திருப்பேன். எது என்று இன்றுவரை பிடிபடவில்லை.

6

துளசிராமுக்கு மறுநாள் காலை போன் போட்டேன். திருத்திய குறிப்பை அவன் படித்துவிட்டிருந்தான். முதல் குறிப்பை அவனுக்கு முன்னாலேயே தாளாளர் படித்துவிட்டிருந்தார். இவனைக் கூப்பிட்டு வைத்து, ஜெனரேட்டர் வாங்கிக் கொடுத்த பிறகும் கரண்ட் இல்லை என்று வெள்ளைக்காரன் எழுதியிருக்கிறான், நீ என்னய்யா செய்துகொண்டிருந்தாய் என்று ஆபீஸ் ஆட்கள் முன்னால் கேட்டிருக்கிறார். இவன் வாயைத் திறக்கவில்லை. நான் சொன்ன பொய் என்று அவனுக்குத் தெரிந்துதான் இருந்தது. ஊர்க்காரன் பேரைக் கெடுக்க வேண்டாம் என்று நின்றிருக்கிறான்.

மன்னித்துக்கொள் என்றேன். தமிழில் அந்தச் சொல்லை நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிப் பழகியதில்லை; சினிமா வசனம்போல ஒலித்தது. அவன் அதைக் கண்டுகொள்ளவில்லை. வண்டிச் சத்தம் கேட்டது, ரோட்டோரத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தான். பிறகு கேட்டான்.

"நாங்க சந்தனம் வச்சது அம்புட்டுக் கேவலமாவா இருந்துச்சு மாப்ள?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவன் அதை நம்பியிருக்க மாட்டான். ஆமாம் என்பது உண்மையும் இல்லை. கேவலம் சந்தனத்தில் இல்லை, அந்த மேசையின் பக்கம் உட்கார்ந்து அதைப் பார்த்த என் கண்ணில் இருந்தது. இதை எப்படிச் சொல்வது என்று யோசிப்பதற்குள், "சரி, கிளாஸுக்கு நேரமாச்சு, வாரேன்" என்று வைத்துவிட்டான்.

நவம்பரில் சோதனையை மறுபடி ஓட்டினோம். மதுரை எந்திரங்கள் ஐந்து நாளும் விழித்திருந்தன. விடைகள் இங்கே வந்த விடைகளோடு ஒத்துப்போயின, மயிரிழை பிசகவில்லை. கட்டுரையில் அவன் பெயரும் கல்லூரியின் பெயரும் ஏறின. தாளாளர் விடுப்புக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டார் என்று வேறொரு வகுப்புத் தோழன் மூலம் அறிந்தேன். துளசிராம் சொல்லவில்லை.

ஜனவரி முதல் வாரம் அவனிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. ஆங்கிலத்தில், பேராசிரியை, மாரெக், ஜப்பான்காரர்கள் என்று எல்லோருக்கும் நகல் போட்டு, எனக்கு எழுதியிருந்தான். 'மதிப்பிற்குரிய ஐயா' என்று தொடங்கியது. வரும் வாரம் பொங்கலை முன்னிட்டு எங்கள் ஆய்வகம் நான்கு நாட்கள் மூடப்பட்டிருக்கும் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன். பொங்கல் என்பது தமிழர்களின் அறுவடைத் திருவிழா. முதல் நாள் புது அரிசியைப் பொங்கிச் சூரியனுக்குப் படைப்போம். இரண்டாம் நாள் மாடுகளைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வண்ணம் பூசி வணங்குவோம்.

என் அப்பாவின் மாடுகளுக்குக் கல்லூரிக் காலத்தில் இரண்டு வருஷம் அவன் வந்து கொம்புக்கு வண்ணம் பூசியிருக்கிறான். நீலம் வேண்டாம், சிவப்புப் பூசு என்று அதட்டியது நான்.

மின்னஞ்சலில் ஒரு பிழையும் இல்லை. கேலி இருக்கிறதா என்று மூன்று நான்கு தரம் தேடினேன். இல்லை. முறையாக, மரியாதையாக, ஒன்றும் தெரியாத ஒருவருக்கு எழுதுவதுபோல எழுதியிருந்தான். நிரலைத் திறந்து மதுரைக்கான வரியில் அந்த நான்கு நாட்களையும் ஏற்றினேன். பிறகு பதில் எழுத உட்கார்ந்தேன். 'டேய் துளசி' என்று தொடங்கி அழித்தேன். எல்லோருக்கும் நகல் போகிறது. தகவலுக்கு நன்றி என்று ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினேன்.